மாவட்டத்தின் ஒரேயொரு ஆரம்பநிலையாளர்

கல்லடிப் பாலத்தால் இறங்கி வாவிப் பக்கம் திரும்பினால் ஒரு பெயர்ப்பலகை வரும். அதை வாசித்து முடிப்பதற்குள் அந்த அரசாங்கக் கந்தோரைக் கடந்து போய்விடுவீர்கள். "இலகு கணினிப் பரவலாக்கல் அதிகாரசபை, வாவிக்கரைப் பிராந்தியப் பணியகம், ஆரம்பநிலையாளர் நலன்புரிப் பிரிவு" என்று மூன்று பாஷையிலும் எழுதப்போய், பலகையில் இடம் போதாமல் கடைசி வரியைச் சுவரில் எழுதியிருக்கிறார்கள்.

கந்தோருக்கு உள்ளது ஒரே வேலை. தோணி என்று ஒரு இயங்குதளம் இருக்கிறது. இயங்குதளம் இல்லாவிட்டால் கணினி வெறும் பெட்டி, அது உங்களுக்குத் தெரியும். மற்றவை எல்லாம் காசு கேட்கும், அனுமதி இலக்கம் கேட்கும், கொடுக்காவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். தோணி அப்படியில்லை. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற கெட்டிக்காரர்கள் கூடிச் செய்து, எடுங்க, பாவியுங்க, பிடித்தால் மற்றவனுக்கும் குடுங்க என்று திறந்து விட்ட சாமான், திறந்த மூலம் என்பார்கள். கணினியைக் கண்ணால் கண்டிராத மனிசனும் பாவிக்கலாம். போட்டதும் "வணக்கம், தொடங்குவோமா?" என்று தமிழில் கேட்கும். கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று ஓம், மற்றது பிறகு.

இவ்வளவு லேசான சாமானை மக்களிடம் சும்மா விட்டால் என்ன நடக்கும் என்று மேலிடம் பயந்துபோய்த்தான் இந்த அதிகாரசபையை உண்டாக்கியது. பணிப்பாளராக ஏரம்பமூர்த்தி சேர் வந்தார். வெயில் கொளுத்துகிற எங்கள் ஊரில் கழுத்துப்பட்டி கழற்றாத ஒரே மனிதர் அவர்தான். வந்த முதல் நாளே சுற்றுநிருபம் ஒன்று போட்டார். தோணி ஆரம்பநிலையாளருக்கு உரியது, ஆகவே ஆரம்பநிலையாளர் அல்லாத எவரும் அதைத் தொடக்கூடாது. ஆரம்பநிலையாளர் எனப்படுபவர் கணினியையோ, கணினியை ஒத்த எந்தப் பொருளையுமோ முன்பு தொட்டிராதவர்.

ஊரே விண்ணப்பித்தது. அநேகமாக எல்லாருடைய கையிலும் தொடுதிரை போன் இருந்தது, அவர்களையெல்லாம் தள்ளிவிட்டார்கள். போன் இல்லாத நாலைந்து பேரைக் கணினி தெரியாது என்பதற்கு அத்தாட்சி கொண்டுவரச் சொன்னார்கள். தெரியும் என்றால் நான் எழுதித் தரலாம், தெரியாது என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கிராம சேவகர் கேட்டாராம். நியாயமான மனிசன். இப்படி மாதக்கணக்காக ஆரம்பநிலையாளர் இல்லாமலே ஆரம்பநிலையாளர் நலன்புரிப் பிரிவு நடந்தது. நலன் குறைந்ததாக எவரும் முறையிடவில்லை.

அப்படியான ஒரு நாளில்தான் ஆடுகிற மேசைக் காலைச் சரிபார்க்க வில்லியம் ஓடாவியார் கந்தோருக்குள் போனார். தாண்டவன்வெளிப் பறங்கி ஆள், போர்த்துக்கேயர் வழி. தகப்பன், பாட்டன் எல்லாரும் தச்சுவேலை. வயது அறுபதைத் தாண்டியும் உளி பிடித்தால் கை நடுங்காது. பெரியவர்களுக்கு முன்னால் நின்றால் மட்டும் நடுங்கும். ஓம் சேர், சரி சேர் என்பதைத் தாண்டி அவர் வாயில் மூன்றாவது சொல் வந்து அதுவரை நான் கேட்டதில்லை. அன்று அவருடைய சட்டைப் பையிலிருந்து கீழே விழுந்தது றப்பர் வளையம் போட்ட பழைய பொத்தான் போன். அதை ஏரம்பமூர்த்தி சேர் கண்டார். கண்டவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். உங்களுக்குக் கணினி தெரியுமா என்று கேட்டார். தெரியாது சேர் என்றார் வில்லியம். அன்றே அவர் கழுத்தில் அட்டை ஒன்றைக் கொழுவி, மேசைக் காலை ஆடவிட்டு, படிக்க இருத்திவிட்டார்கள்.

படிப்பித்தது தர்சினி மிஸ். கதிரவெளிப் பிள்ளை. கடற்கரைக் குடும்பம், தகப்பன் கடலுக்குப் போகிறவர், மழைக்குக் காடு வெட்டிச் சேனைப் பயிரும் செய்வார். பிள்ளை கணினியில் பட்டம் எடுத்துவிட்டு ஒப்பந்த அடிப்படையில் வருடக்கணக்காக இந்தக் கந்தோரில் கிடந்தது. மாரி முடிய நிரந்தர நியமனத்துக்கு நேர்முகப் பரீட்சை என்று சொல்லியிருந்தார்கள். தாய் அதைக் கேட்டு, அம்மன் கோயிலில் பொங்கல் வைப்பதாக நேர்ந்து, ஊர் முழுக்கவும் சொல்லிவிட்டா. இனி அந்த வேலை கிடைக்காவிட்டால் பிள்ளை ஊருக்குள் எப்படி முகம் காட்டும், அதுதான் நிலைமை.

படிப்பு கட்டம் கட்டமாக நடந்தது. முதலாம் கட்டம், கணினிக்கு முன்னால் அமர்தல். இரண்டாம் கட்டம், மவுஸைப் பிடித்தல். ஒவ்வொரு கட்டத்துக்கும் குத்துவிளக்கு ஏற்றினார்கள், நாலு சமயத்திலும் பிரார்த்தனை செய்தார்கள், பணிப்பாளர் உரையாற்றினார். உரை முடிய சோற்றுப் பார்சல் வரும், பார்சல் முடிய வீட்டுக்குப் போகலாம். ஓம் பொத்தானை அமத்துவது மூன்றாம் கட்டம். அதற்குத் தலைமைக் கந்தோரின் அனுமதி வரவேண்டும். வரும்வரை, தோணி "தொடங்குவோமா?" என்று கேட்கிற நேரமெல்லாம் வில்லியம் பிறகு என்பதை அமத்த வேண்டும். அவரும் மாதக்கணக்காக அமத்தினார். சும்மா சொல்லக்கூடாது, அந்த இயந்திரத்துக்கு இருந்த பொறுமை எங்கள் கந்தோர்களில் எந்த மனிசனுக்கும் கிடையாது.

ஒரு நாள் பணிப்பாளர் கொழும்புக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். தர்சினி கதவைச் சாத்திவிட்டு, அமத்துங்க அங்கிள், ஒண்டும் ஆகாது என்றாள். வில்லியம் மாதாவைக் கும்பிட்டுக்கொண்டு அமத்தினார். ஒன்றும் ஆகவில்லை. தோணி திறந்தது, அவ்வளவுதான். கிழமை முடிவதற்குள் மனிசன் எழுதவும், படம் பார்க்கவும், அலுமாரிக்கு வரைபடம் போடவும் பழகிவிட்டார். எந்த இடத்தில் முட்டுப்பட்டாலும் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று அது தானாகவே மரியாதையாகக் கேட்கும். மரியாதையாகக் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல வில்லியத்துக்குத் தெரியாது.

தர்சினிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே பிள்ளை பயந்துபோனது. நீங்க பழகிட்டீங்க எண்டு தெரிஞ்சா உங்கட பேரை வெட்டிருவாங்க அங்கிள், உங்கள விட்டா மாவட்டத்தில வேற ஆள் இல்ல, ஆள் இல்லாட்டி வகுப்பில்ல, வகுப்பில்லாட்டி நேர்முகத்துக்கு முதலே என்னை அனுப்பிருவாங்க என்றாள். வில்லியம் தலையாட்டினார். அன்றிலிருந்து ஆர் கேட்டாலும் தெரியாது என்பதுதான் பதில். கொழும்பிலிருந்து குழுக் குழுவாக வந்து பார்த்தார்கள். இவருக்கு இன்னுமே தெரியாதா என்று கேட்பார்கள். தெரியாது சேர் என்பார். கைதட்டிவிட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பிள்ளைக்காகச் சொல்கிற பொய்தானே என்று அவரும் மனதைத் தேற்றிக்கொண்டார்.

இதற்கிடையில் கதிரவெளிப் பெண்கள் சங்கத்துக்கு ஒரு மேசை செய்து கொடுக்கவேண்டி வந்தது. மேசையை ஏற்றிக்கொண்டு போன இடத்தில், சங்கத் தலைவி கனகமணி ஒரு மூலையைக் காட்டினா. ஆரோ வெளிநாட்டார் கொடுத்த கணினிகள், சீலை போர்த்தி, பூப் போட்டு, பொட்டு மட்டும்தான் வைக்கவில்லை. போட்டால் இலக்கம் கேட்கிறதாம். இலக்கத்துக்குத் தவணை முடிந்துபோச்சாம். நண்டு விலையை நாங்கள் வியாபாரியின் வாயைப் பார்த்துத்தான் அறியவேண்டிக் கிடக்கு, இது வேலை செய்தால் நாங்களே பார்க்கலாம் என்று கனகமணி சொன்னா. வில்லியத்துக்கு மனம் கேட்கவில்லை.

அடுத்த நாள் கந்தோரில் தோணி வழக்கம்போல எதையோ செய்து முடித்துவிட்டு, "இதை இன்னொருவருக்கும் கொடுக்க விருப்பமா?" என்று கேட்டது. எத்தனையோ தரம் கேட்டதுதான். அன்றைக்குத்தான் அவருடைய கண்ணில் பட்டது. மேசை லாச்சிக்குள் சிவப்பு நாடா கட்டிய பென் டிரைவ் ஒன்று கிடந்தது, கந்தோர் தர்சினி மிஸ்ஸுக்குக் கொடுத்த பென். பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிடலாம்தானே என்று எடுத்துச் செருகி, ஓம் என்று அமத்தினார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் கதிரவெளிக்கு வஸ் ஏறினார். பின்னேரத்துக்குள் அந்தப் பெட்டிகள் எல்லாம் வணக்கம் சொல்லத் தொடங்கிவிட்டன. என் பேரை மட்டும் ஆரிட்டயும் சொல்லிராதே தங்கச்சி என்று கனகமணியிடம் சத்தியம் வாங்கினார். வாகரையிலும் ஒரு சங்கம் கேட்கிறது, பென் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று கனகமணி சொன்னா. மரியாதையாகத்தான் சொன்னா, விட்டுவிட்டு வந்துவிட்டார்.

வந்த பிறகுதான் அவருக்குப் பயம் பிடித்தது. சோற்றைத் தள்ளி வைத்தார். பெண்சாதி எடித் என்னவென்று கேட்டுக் கேட்டு, கோபத்தில் வீட்டுப் பறங்கிப் பாஷைக்கே போய்விட்டா. கடைசியில் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் முழங்கால் போட்டார். பாதர், கந்தோரில இருந்த சாமான் ஒண்டைக் களவெடுத்துப் போட்டன் என்றார். எடுத்ததைத் திருப்பிக் கொண்டுபோய் வை என்றார் பாதர். பென் திரும்பி வந்திரும் பாதர், தோணியோ எடுத்த பிறகும் அங்கேதான் இருக்குது என்றார் வில்லியம்.  கேட்டவருக்குக் குடுத்தீரா, வித்தீரா என்று பாதர் விசாரித்தார். குடுத்தது என்றதும், இது பாவமா என்று தனக்கே விளங்கவில்லை, எதற்கும் செபமாலை சொல்லும் என்று அனுப்பிவிட்டார். பாதர் சொன்னதற்கு மேலாகவே வில்லியம் செபமாலை சொன்னார். அப்பவும் நெஞ்சு பாரம் இறங்கவில்லை.

பிறகு கனகமணி ஒரு நாள் கந்தோருக்கு நேரிலேயே வந்துவிட்டா. கையில் வாகரைத் தேன் ஒரு போத்தல், கருவாட்டுப் பொட்டலம், சிவப்பு நாடா கட்டிய பென். உங்கட தோணியால எங்கட சனம் நல்லா இருக்கு சேர், நண்டுக்கு நியாய விலை வருது, பிள்ளையள் படிக்குதுகள், உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும் என்று கும்பிட்டா. குடுத்தது ஆர் என்று மட்டும் கேளாதீங்க, சத்தியம் பண்ணியிருக்கு என்றும் சேர்த்துச் சொன்னா. அதிகாரசபை தொடங்கிய நாளிலிருந்து ஒருவர் நன்றி சொல்லி வந்தது அதுவே முதல் தரம். ஏரம்பமூர்த்தி சேருக்கு வியர்த்துவிட்டது.

அவசரக் கூட்டம் கூட்டினார். விளக்கேற்றிவிட்டுப் பேசினார்.

"இலவசமான ஒன்றை மக்கள் இலவசமாகவே எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டால், இலவசமாக வழங்குவதற்கென்று ஒரு பணிப்பாளர் எதற்கு என்ற விபரீதமான கேள்வி எழும். அந்தக் கேள்வி எழக்கூடாது என்பதற்காகவே நான் இரவு பகலாக உழைக்கிறேன். திறந்த மூலம் என்றால் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். பூட்டிய கதவுக்குக் காவல் எதற்கு? திறந்த கதவுக்குத்தான் காவல் கூடுதலாகத் தேவை."

சோற்றுப் பார்சலுக்குப் பிறகு குற்றவாளியைத் தேடத் தொடங்கினார்கள். தேட என்ன இருக்கிறது? பென் தர்சினி மிஸ்ஸுடையது. கதிரவெளி தர்சினி மிஸ்ஸின் ஊர். விசாரணைக்குத் தலைமைக் கந்தோரிலிருந்து அப்துல் மஜீத் என்று ஓர் அதிகாரி வந்தார். பொல்லாத மனிசன் இல்லை, பின்னேர ரயிலைப் பிடிக்கவேண்டிய மனிசன். கனகமணியைக் கூப்பிடவில்லை. பதிவு செய்யப்படாத ஒருவர் பயனடைந்ததையே அதிகாரசபை ஏற்காது, பிறகு சாட்சியத்தை எப்படி ஏற்பது என்றார் பணிப்பாளர். தர்சினியைக் கேட்டார்கள். பென் என்னுடையதுதான், நான் குடுக்கல்ல, அதுக்கு மேல எனக்குச் சொல்ல ஒண்டுமில்ல என்றாள். சொல்லிவிட்டு, வாசல் பக்கக் கதிரையில் இருந்த வில்லியத்தை ஒரு தரம் பார்த்தாள்.

விசாரிக்க வேறு எவரிருந்தார்? ஓடாவியார்தான். சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள்.

அப்துல் மஜீத் சேர் நேரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வில்லியம், உங்களுக்குப் பென்னில பிரதி எடுக்கத் தெரியுமா?"

இரண்டு நாளாக வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பழகிக்கொண்டு வந்த மனிசன். நான்தான் எடுத்தது சேர், மிஸ்ஸுக்கு ஒண்டும் தெரியா. இவ்வளவுதான் சொல்லவேண்டியது. ஆனால் கேள்வி வேறு மாதிரி வந்துவிட்டது. மாதக்கணக்காக ஒவ்வொரு பெரியவரும் கேட்ட அதே கேள்வி, அதே குரல். ஏரம்பமூர்த்தி சேர் சிரித்த முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"தெரியாது சேர்," என்றார் வில்லியம்.

வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகாவது திருத்தியிருக்கலாம், நேரம் இருந்தது. தர்சினி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்துல் மஜீத் சேர் கோப்பை மூடி, பேனையை மூடி, பையையும் மூடினார். வில்லியம் எழும்பி, சேர் என்று ஒரு தரம் சொன்னார். போகலாம், நன்றி என்றார்கள். போய்விட்டார்.

தர்சினிக்கு அந்தக் கிழமையே கடிதம் போனது. ஒப்பந்தம் முடிவு, நேர்முகப் பரீட்சைக்கும் தகுதியில்லை. வேலை வெற்றிடம் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. தோணியில் நன்கு தேர்ச்சி பெற்றவராகவும், தோணியை ஒருபோதும் எவருக்கும் கொடுத்திராதவராகவும் இருத்தல் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இன்றுவரை ஆள் கிடைத்தபாடில்லை.

வில்லியம் தூங்கவில்லை. முதல் எடுத்ததற்காகப் பட்ட பயமெல்லாம் வீண் பயம் என்று இப்போது விளங்கியது. அது பாவமே இல்லை. பாவம் இதுதான். பாதரிடம் போக வெட்கமாக இருந்தது, நேரே பணிப்பாளரிடம் போனார். நான்தான் எடுத்தது சேர், அந்தப் பிள்ளைய விடுங்க என்றார். வாழ்க்கையில் முதல் தரம் ஒரு பெரியவருக்கு முன்னால் முழு வசனம் ஒன்றைச் சொன்னார்.

ஏரம்பமூர்த்தி சேர் அவரை இருக்கச் சொன்னார். தேத்தண்ணி வருவித்தார். உங்களுக்குப் பிரதி எடுக்கத் தெரியாது என்று கோப்பில் இருக்கிறது, கோப்பில் உள்ளதற்கு மாறாகப் பேசக்கூடாது என்று அன்பாகத்தான் எடுத்துச் சொன்னார். வில்லியம் எழும்பிப் போய்க் கணினியைப் போட்டு, ஓம் என்று அமத்தி, பிரதி எடுக்கத் தொடங்கினார். சேர் கதிரையை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் பார்க்கவில்லை, ஓடாவியார். பார்த்தால் எனக்கு ஆரம்பநிலையாளர் இல்லை. ஆரம்பநிலையாளர் இல்லாவிட்டால் இந்தப் பிரிவே இல்லை. பிரிவு இல்லாவிட்டால் கணினி தெரியாத ஏழை மக்களுக்கு ஆர் இருக்கிறார்கள்? உங்கள் மனச்சாட்சிக்காக ஒரு மாவட்டத்தைத் தண்டிக்கலாமா? அதோடு குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டோம். ஒரு குற்றத்துக்கு ஒருவர்தான். இரண்டாவது ஆளுக்குப் படிவத்தில் இடமில்லை."

பிரதி முடிந்துவிட்டது என்று தோணி சொன்னது. சேர் வாவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த மாதம் சிறந்த ஆரம்பநிலையாளர் விருது என்று ஒன்றை உண்டாக்கி, வில்லியத்துக்கே கொடுத்தார்கள். போட்டிக்கு வேறு எவரும் இல்லை. பொன்னாடை போர்த்தினார்கள். எடித் முன்வரிசையில் நல்ல சட்டை போட்டு இருந்தா. மைக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்று வில்லியம் வீட்டிலிருந்தே நினைத்துக்கொண்டு வந்தார். ஆரம்பநிலையாளர் மைக்கைத் தொடலாமா என்பதற்கு அனுமதி வரவில்லை என்று, அவருடைய பதிலுரையைப் பணிப்பாளரே வாசித்தார். எனக்கு இன்னும் எதுவும் தெரியாது, அதற்காக இந்த அதிகாரசபைக்கு என்றென்றும் நன்றியுடையேன் என்று அதில் இருந்தது. சபை கைதட்டியது. மைக் இல்லாவிட்டால் என்ன, வாயைத் திறந்து கத்தியிருக்கலாம். அவர் கத்தவில்லை, பொன்னாடை சரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அதை நினைத்தால் இப்பவும் அவருக்கு உடம்பு கூசும்.

மறுநாள் கதிரவெளிக்குப் போனார். தர்சினி வீட்டு முற்றத்தில் தாயோடு இருந்து கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டு வந்து, வாங்க அங்கிள் என்று கதிரை போட்டாள். தாய் எழும்பி உள்ளே போய்விட்டா. சங்கத்தில் கணினிகள் நன்றாக வேலை செய்கின்றன என்று தர்சினியே முதலில் சொன்னாள். மாதம் முடியக் குவைத்துக்குப் போகிறாளாம். என்ன வேலைக்கு என்று கேட்டார். வீட்டு வேலைக்கு என்றாள்.

வில்லியம் அழுதுவிட்டார். நான்தான் மகள், அந்தப் பென்னை எடுத்தது நான்தான், மறுகா சேரிட்டப் போய்ச் சொன்னன், அவர் கேட்கல்ல என்று ஒன்றன் மேல் ஒன்றாகச் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

"தெரியும் அங்கிள். விசாரணைக்கு முதலே தெரியும். கனகமணி மாமி சத்தியத்த விட்டுட்டு வந்து சொல்லப்போறன் எண்டு நிண்டவ. நான்தான் மறிச்சன். மாமி, நீங்க சொல்ல வேணாம், அங்கிள் தானாவே சொல்லுவார் எண்டன்."

வில்லியத்துக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. என்னை ஏசு மகள் என்றார். ஏசுவதற்கு ஒன்றுமில்லை என்றாள் அவள். கோபம் தெரிந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும், அவள் முகத்தில் அதுவும் இல்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கையில் கொடுத்தாள்.

"குடிச்சிட்டுப் போங்க அங்கிள். இனி இஞ்ச வராதீங்க."

 அவள் சொன்னபடியே அவர் முழுக்கக் குடித்து முடித்துவிட்டு, கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, வஸ்ஸுக்கு நடந்தார்.